ஆயிரம் வராத கடிகாரம்

எங்கள் எஸ்டேட் ஆபீஸில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்று போன மாதம் சாந்தாமணி போன் செய்தாள். ஆபீஸில் கணக்கெழுதும் பெண்ணாகச் சேர்ந்து, இன்று தலைமைக் கிளார்க்காக இருப்பவள்.

"மேக்கரண்ணா, உங்க பேரும் அதோட போயிருச்சுங்" என்றாள்.

அந்தப் பெட்டிக்குள் ஓர் ஆட்டத்தில் என் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. சின்னப் பலகை, நடுப் பலகை, பெரிய பலகை, மூன்றிலும் முதல் இடம் எனக்கு. நான் வேலையை விட்டு வந்த பிறகு எத்தனையோ கிளார்க்குகள், ட்ரெயினிகள், கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவராலும் என்னை இறக்க முடியவில்லை. கடைசியில் பழைய சாமான்காரர்தான் இறக்கினார். அந்தக் கதையை டீக்கடையில் நான் எப்போது சொன்னாலும் எழுதி வையுங்கள் என்பார்கள். எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் என் ஐந்தாம் வகுப்பு வாத்தியாரைக் கேளுங்கள். அதற்கு மேல் எனக்கு வாத்தியார் கிடையாது.

என் அப்பா அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலையேறியவர். நான் பதினாறு வயதில் குந்தாவுக்கு மேலே இருந்த எங்கள் ஃபாக்டரியில் சேர்ந்தேன். வாடல் தொட்டியில் இலை பரப்பினேன், ரோலரில் இலை அடைத்தேன், சல்லடையில் நின்றேன், டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளினேன். இருபத்திரண்டு வருடத்தில் டீ மேக்கர் ஆனேன். டீ மேக்கர் என்றால் டீ போட்டுக் கொடுக்கிற ஆள் என்று கோயமுத்தூரில் என் மச்சினன் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான். கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூள் பெட்டியில் ஏறுவது வரை ஃபாக்டரிக்குப் பொறுப்பான ஆள் அவர். அந்த நாற்காலியில் எனக்கு முன்னால் உட்கார்ந்த எல்லோரும் காலேஜ் படித்தவர்கள். அவர்களிடம் தெர்மாமீட்டர் இருந்தது. என்னிடம் மூக்கு இருந்தது.

நான் உட்கார்ந்த நேரம் பார்த்துத் தேயிலை விலை படுத்துவிட்டது. மலை முழுக்க அப்படித்தான். சிறு விவசாயிகள் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஃபாக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. அந்த நேரத்தில்தான் கம்பெனி எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் அனுப்பியது. அறுபது பேருக்கு வேலை குறைந்திருக்கும்போது வேலை செய்ய ஒரு பெட்டி.

சாந்தாமணி கோயமுத்தூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தாள். தூள் வந்தால்தானே டைப் அடிக்க. மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். அப்புறம் ஸ்கிரீனில் சீட்டு அடுக்கிக்கொண்டிருப்பாள். எனக்கும் சொல்லித் தருகிறேன் என்றாள். கல்யாணத்தன்று என் மாமனார் என்னிடம் சீட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

"இதைத் தொட முடியாதுங்ணா, கண்ணாடிக்கு உள்ள இருக்குது" என்றாள்.

சத்தியம் சத்தியம்தான் என்றேன். அப்போதுதான் அவள் அந்தக் குண்டு ஆட்டத்தைத் திறந்து காட்டினாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கட்டம் கட்டமாக ஒரு பலகை, சின்னது, நடு, பெரியது என்று மூன்று அளவில். சில கட்டங்களுக்கு அடியில் குண்டு ஒளிந்திருக்கும். ஒரு கட்டத்தை அமுக்கினால் ஓர் எண் வரும். அந்தக் கட்டத்தைச் சுற்றி எத்தனை குண்டு இருக்கிறது என்பது அந்த எண். அதை வைத்துக் கணக்குப் போட்டு, குண்டு இருக்கும் இடத்தில் கொடி நடவேண்டும், மற்ற இடத்தைத் திறக்கவேண்டும். தவறி குண்டை அமுக்கிவிட்டால் மேலே சிரித்துக்கொண்டிருக்கும் மஞ்சள் முகத்துக்குக் கண் இரண்டும் பெருக்கல் குறியாகிவிடும். வலது மூலையில் ஒரு சிவப்புக் கடிகாரம். முதல் கட்டத்தை அமுக்கியதும் செகண்டுக்கு ஒன்றாக எண் ஏறும். அவ்வளவுதான் ஆட்டம். இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் வேண்டாம், எண் தெரிந்தால் போதும்.

ஒரே வாரத்தில் சாந்தாமணியைத் தாண்டினேன். ஒரு மாதத்தில் பெரிய பலகையை ஐந்நூறு செகண்டுக்குள் முடித்தேன். வாடல் தொட்டியில் பச்சை இலைக் குவியலுக்குள் எங்கே சூடு பிடித்திருக்கிறது என்பதைச் சுற்றியுள்ள இலையைத் தொட்டுப் பார்த்தே சொல்லி வளர்ந்தவன் நான். எனக்கு இந்தப் பலகை ஒரு பெரிய விஷயமா. குறைந்த நேரத்தில் முடித்தவர் பெயர் கேட்டு ஒரு சின்னக் கட்டம் வந்தபோது சாந்தாமணியே 'டீ மேக்கர்' என்று இங்கிலீஷில் அடித்தாள். மூன்று இடத்திலும் அதே பெயர்.

ரோலரில் வாடிய இலையை அடைத்தால் அரை மணி நேரம் ஓடும். முதல் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று அழுத்தம் சரிபார்க்கவேண்டும். மீதி நேரம் எனக்கு ஓய்வு. பத்தே எட்டு வைத்தால் ஆபீஸ். ஒரு பலகை, மறுபடி ரோலர். என் கையிலிருந்த கொழுந்துச் சாறு பட்டு அந்த மவுஸ் காப்பிக் கொட்டை நிறமாகிவிட்டது. சாந்தாமணி அதற்கு ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தாள்.

எங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்லவேண்டும். தொழிலாளிகளுக்குப் பெரிய துரை, எங்களுக்கு சார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். "ஏனுங்க, தயவு செஞ்சு கொஞ்சம் உட்காருங்க" என்று சொல்லிவிட்டாரென்றால் அந்த ஆள் மறுநாள் லீவு போடுவான். ஆபீஸுக்கு வரும்போது படிக்குக் கீழேயே நின்று இரண்டு தடவை இருமுவார். அப்புறம் ஷூவை மிதியடியில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று தேய்ப்பார். உள்ளே வந்ததும் முதலில் சுவரில் காலண்டரைப் பார்ப்பார். அதற்குள் எவ்வளவு பெரிய பலகையையும் மூடிவிடலாம். அது சளி இருமல் அல்ல என்று எங்களுக்குத் தெரியும். பார்த்துவிட்டால் மெமோ எழுதவேண்டும், மெமோ மூன்று காப்பி எடுக்கவேண்டும். பார்க்காமல் இருப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட சிரமம் அது.

அந்த நாளில்தான் தூள் புளிக்க வைக்கும் அறையின் சுவர்க் கடிகாரம் நின்றுபோனது. புதிது கேட்டு எழுதினேன், விலை ஏறட்டும் பார்க்கலாம் என்று பதில் வந்தது. எனக்குக் கவலையில்லை. ரோலரிலிருந்து இறங்கிய பச்சைத் தூளைச் சல்லடையில் சலித்து ரேக்கில் பரப்பி வைத்தால் காற்றுப் பட்டுப் பட்டுச் செப்புக் காசு நிறத்துக்கு வரும். பச்சை வாடை போய்ப் பழ வாடை வரும். அந்த நொடியில் டிரையருக்குள் போகவேண்டும். முந்தினால் கசக்கும், பிந்தினால் செத்துவிடும். நான் ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்து, "இன்னும் முந்நூறு", "இன்னும் ஐந்நூறு" என்பேன். ஆபீஸுக்குப் போய்ப் பலகையைத் திறப்பேன். முந்தி முடியும்போலிருந்தால் கடைசிக் கட்டத்தை விட்டுவைத்து, சிவப்புக் கடிகாரத்தில் அந்த எண் வந்ததும் எழுந்து போவேன். செகண்டு தவறாது. எனக்கு ஒரு சட்டம் இருந்தது. நான் சொல்லாமல் ரேக்கிலிருந்து ஒரு பிடித் தூள் நகரக்கூடாது. காலேஜ் மேக்கர்கள் காலத்தில் ஆளாளுக்குத் தூளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தியவன் நான்.

அப்போது கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் தூளைத் தொடர்ந்து வாங்க யாராவது ஒப்புக்கொண்டால் ஃபாக்டரி ஓடும். இல்லாவிட்டால் அடுத்த மாதத்தோடு சங்கு ஊதாது, பச்சைக் கொழுந்தை அப்படியே வேறு ஃபாக்டரிக்கு விற்றுவிடுவார்கள். அறுபது பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மேனேஜர் குன்னூரில் அலைந்து ஒரு பெரிய வியாபாரியின் டேஸ்டரைப் பிடித்தார். வெங்கடாசலம் என்று பெயர். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்து ருசி பார்ப்பார். அவர் சரியென்றால் சரி.

புதன்கிழமை மேல்காட்டில் நல்ல கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளச் சொன்னேன். இரண்டு இலை, ஒரு மொட்டு, அதற்கு மேல் ஒரு காம்பு இருக்கக்கூடாது. வியாழன் காலை ஆறு மணிக்கு ரோலர் ஓடியது. ஆறரைக்கு முதல் தூள் ரேக்கில் ஏறியது. முதல் தூள்தான் நைஸ் தூள், டேஸ்டருக்கு வைக்கவேண்டியது அதுதான். சல்லடையில் தங்கிய கரட்டை மறுபடி ரோலரில் போட்டு இரண்டாம் தூள், மூன்றாம் தூள் என்று எடுப்போம். மூன்றாம் தூள் ஏழரைக்குத்தான் ரேக்குக்கு வரும். அது தடிமன், டீக்கடைக்குப் போகிற சரக்கு.

எட்டு மணிக்கு முதல் தூளை மோந்தேன். வாடை திரும்பிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஆயிரம்" என்றேன்.

ரேக் அறையில் சிவனாண்டி இருந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர், என்னைவிட மூத்தவர். "ஆயிரம் ரொம்பக் கூடயில்லீங்களா மேக்கரய்யா? வெயில் ஏறுதே" என்றார்.

"என் மூக்கைவிட உங்க மூக்கு பெருசுங்களா?" என்றேன்.

"பெருசுதான். ஆனா சம்பளம் கம்மி" என்றார்.

ஆபீஸுக்குப் போய்ப் பெரிய பலகையைத் திறந்தேன். ஆயிரம் வரை நேரம் இருந்ததால் அன்று நிதானமாகவே ஆடினேன். இந்தப் பலகையை முடித்தால் டேஸ்டர் சரி என்பார் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு வேறு. அறுநூறு ஆனது, எழுநூறு ஆனது. வாழ்க்கையில் முதல் தடவையாக எழுநூறைப் பார்த்தேன். கடைசியில் இடது மூலையில் இரண்டே கட்டம் மிஞ்சியது, ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒரு குண்டு. எந்த எண்ணைக் கேட்டாலும் பதில் இல்லை. அப்படி ஓர் இடம் சில சமயம் வந்துவிடும், குருட்டாம்போக்கில்தான் அமுக்கவேண்டும்.

படிக்குக் கீழே இரண்டு இருமல் கேட்டது. ஷூ தேய்கிற சத்தம். சாந்தாமணி, "அண்ணா, மூடுங்க" என்றாள்.

"எப்படி மூடறது? தூளோட கடிகாரமே அதுதான்."

மேனேஜர் உள்ளே வந்தார். காலண்டரைப் பார்த்தார். நான் மூடவில்லை என்பது தெரிந்து இன்னும் கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் திரும்பினார்.

"ஏனுங்க மேக்கரே, இது என்னங்க?"

"கடிகாரமுங்க சார். ஆயிரம் வந்தா முதல் தூள் டிரையருக்குப் போகுமுங்க."

மெமோ என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டினார். ஸ்கிரீனை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கீழ்க் கட்டத்துலதாங்க குண்டு" என்றார்.

பங்களாவில் அவரும் இதைத்தான் ஆடிக்கொண்டிருந்தார் என்று அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துவிட்டது.

"மேல்கட்டமுங்க சார்" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"மூக்குங்க."

"மூக்கெல்லாம் தூளுக்குச் சரிங்க. இங்க கணக்கு."

"கணக்குதான் இங்க இல்லைங்களே சார்" என்றாள் சாந்தாமணி. அவளும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்துவிட்டாள். கணக்குப் பார்க்க வந்த கங்காணி கதவோரம் நின்றார், மேல்கட்டம் என்று கைகாட்டினார். எனக்கு இரண்டு ஓட்டு. சாந்தாமணி மேனேஜர் பக்கம் சேர்ந்தாள், சம்பள உயர்வு அந்தச் சமயம் பேச்சில் இருந்தது. ஆளாளுக்குப் பேசினோம். கடிகாரத்தையும் ஒரு கண் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. இன்னும் ஒன்றுதான், வந்ததும் எழுந்துவிடலாம்.

சிவனாண்டி கதவில் தலை நீட்டினார். "மேக்கரய்யா, தூளு செவந்துருச்சு."

"ஆயிரம் வரட்டும்."

போனார். மறுபடி வந்தார். "வாடை மாறுது, பாருங்களேன்."

"சட்டம் என்ன? நான் சொல்லாம நகரக்கூடாது. இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

மேனேஜரும் பார்த்து, "ஆமாங்க, ஒண்ணுதான்" என்றார்.

மூன்றாம் தடவை சிவனாண்டி நேராக உள்ளே வந்தார். கையில் ஒரு பிடித் தூளைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். அழுகிய வாழைப்பழ வாடை. நான் எழுந்த வேகத்தில் நாற்காலி கீழே விழுந்தது.

அந்தக் கடிகாரத்தில் மூன்று எண்ணுக்குத்தான் இடம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதோடு நின்றுவிடும், ஆயிரம் என்பதே அதற்குக் கிடையாது. உலகத்தில் மெதுவாக ஆடுகிற ஒவ்வொருவனுக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியவில்லை. அதுவரை நான் அந்தப் பக்கம் போனதேயில்லை. என் கெட்டிக்காரத்தனம் எனக்குக் குழி வெட்டியது அந்த ஒரு தடவைதான்.

தூள் இருபது நிமிடத்துக்கு மேல் கூடுதலாகக் கிடந்திருந்தது. செப்புக் காசு கருத்து வெல்லப்பாகு நிறத்துக்கு வந்துவிட்டது. வேறு நல்ல கொழுந்தும் கையில் இல்லை. அதை டிரையருக்குள் தள்ளினேன். அப்புறம் மூன்றாம் தூள் ரேக்கின் முன்னால் போய் நின்றேன். கம்ப்யூட்டரும் இல்லை, எண்ணும் இல்லை. பிடி பிடியாக மோந்தேன். சிவனாண்டியையும் மோந்து பார்க்கச் சொன்னேன். அவர் "இப்ப" என்றதும் நானும் "இப்ப" என்றேன். இரண்டு பேர் மூக்கும் ஒரே நேரத்தில் சொன்ன தூள் அது.

மேனேஜர் டிரையர் அருகே வந்து நின்றார். "மேக்கரே, ரெண்டையும் வைங்க. எது எதுன்னு அவர் கேக்காம நாம சொல்ல வேண்டாம்" என்றார். குரலில் மரியாதை கூடவில்லை. அது கோபத்தையும் தாண்டிய இடம்.

டேஸ்டர் வெங்கடாசலம் பதினொன்றுக்கு ஆபீஸுக்கு வந்தார். ஒல்லியான ஆள், கழுத்தில் மஃப்ளர். இரண்டு தூளையும் சின்னத் தராசில் நிறுத்துத் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டோம். கொதிநீர் ஊற்றி மூடினோம். ஐந்து நிமிடம். கைக்கடிகாரம் அவருடையது, நல்லவேளை. கிண்ணத்தைக் கோப்பையில் கவிழ்த்து வடித்தோம். அவர் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாயில் சுழற்றித் தொட்டியில் துப்பினார். இரண்டாவதையும் அப்படியே. ஜன்னலுக்கு வெளியே இருபது தலை தெரிந்தது.

"இது மூணாம் தூள். தடிமன். ஆனா நேரம் பிசகாத தூள். யார் பண்ணினது?" என்றார் டேஸ்டர்.

"நான்தானுங்க" என்றேன்.

"அப்ப இந்த நைஸ் தூளைக் கொன்னது யாரு?"

"அதுவும் நான்தானுங்க."

"எவ்வளவு நேரம் கூடுதலா விட்டீங்க?" என்றார்.

பொய் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. அந்த நாக்கு எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்று தோன்றியது. "தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது வரைக்கும் பார்த்தேனுங்க. ஆயிரம் வரலீங்க" என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பெரிய பலகையா?" என்றார்.

சாந்தாமணிதான் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினாள். பலகை அப்படியே இருந்தது, இடது மூலையில் மேலே ஒன்று, கீழே ஒன்று. மஞ்சள் முகம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. டேஸ்டர் மஃப்ளரைத் தளர்த்திவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். குன்னூரில் ஏலத்துக்கு நடுவில் டீ குடிக்க விடும்போதெல்லாம் இதுதான் வேலை என்றார்.

"இது சுலபமாச்சே. குண்டு மேலதான்."

"அதையேதான் நானும் சொன்னேனுங்க" என்றேன். எனக்கு அந்த நிமிடம் தூள் மறந்துவிட்டது.

"கீழங்க" என்றார் மேனேஜர்.

"என் நாக்குக்குத் தெரியாத விஷயமா" என்று சொல்லிவிட்டு டேஸ்டர் கீழ்க் கட்டத்தை அமுக்கினார்.

கட்டம் சிவந்து குண்டு வெளியே வந்தது. மஞ்சள் முகத்துக்குக் கண் இரண்டும் பெருக்கல் குறி. ஜன்னலுக்கு வெளியே யாரோ "அய்யோ" என்றார்கள். டேஸ்டர் பிளாஸ்டிக் பை மாட்டிய மவுஸை ஒரு பார்வை பார்த்தார். மவுஸ் மேல்தான் தப்பு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது.

"இன்னொரு ஆட்டம் போடுங்க" என்றார்.

சாந்தாமணி மஞ்சள் முகத்தை அமுக்கப் போனாள். மேனேஜர் அவள் கையை நிறுத்தச் சொல்லிச் சைகை செய்தார். இரண்டு தடவை இருமினார். ஆபீஸுக்குள்ளே நின்று அவர் இருமி நான் பார்த்தது அன்றுதான்.

"அப்ப தூளுக்கும் இன்னொரு ஆட்டம் உண்டுங்களா?" என்றார்.

டேஸ்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டும் சிரித்தார்.

"அடுத்த வியாழக்கிழமை. அதே மேல்காட்டுக் கொழுந்து. கடிகாரம் மட்டும் இது வேண்டாம்" என்றார். மூன்றாம் தூளை அப்போதே எடுத்துக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை நான் ரேக்கை விட்டு ஓர் அடி நகரவில்லை. முதல் தூளை அவர் உறிஞ்சிவிட்டு உடனே துப்பவில்லை, கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். அது போதும் எனக்கு. அன்றே தூளைத் தொடர்ந்து வாங்கிக்கொள்கிறேன் என்று மேனேஜருக்குக் கை கொடுத்தார். சங்கு மறு மாதமும் ஊதியது, அதற்கு மறு மாதமும். விலை ஏறும் வரை அவர் எங்கள் தூளை விடவில்லை. மாதத்துக்கு ஒரு முறை வருவார். முதலில் கோப்பை, அப்புறம் பெரிய பலகை. எங்கள் மலையில் செய்கிற கரண்ட் ஊருக்கெல்லாம் போய் எங்களுக்கு மட்டும் நிற்கிற நாட்களில் வெறுமனே கோப்பையோடு போய்விடுவார், முகம் வாடியிருக்கும். கடைசி வரை என் எண்ணைத் தொட முடியவில்லை அவரால்.

சட்டத்தை நான்தான் மாற்றினேன். மேக்கர் மூக்கும் ரேக் ஆள் மூக்கும் சேர்ந்து சொன்னால் தூள் நகரலாம். சிவனாண்டிக்குச் சம்பளம் கூடியது. என்னைவிடப் பெரிய மூக்கு என்று நான் எழுத்தில் ஒப்புக்கொண்டது அவருக்கு மட்டும்தான், மூன்று காப்பி எடுத்து மேனேஜர் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தேன்.

என் பெயரைப் பழைய சாமான்காரர் கொண்டுபோனால் போகட்டும். என் வீடு ஃபாக்டரிக்குக் கீழ்வளைவில்தான் இருக்கிறது. காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வாயாலேயே ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிப்பேன். வாயால் எண்ணினால் ஆயிரம் வந்துவிடுகிறது.